உணவுப் பெட்டி

ரயிலில் ஏறிப் பையை வைத்ததும் எனக்கு ஒரு பழக்கம். எத்தனை பெட்டி தள்ளியிருந்தாலும் சரி, டைனிங் கார் வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவேன். சாப்பிட இல்லை, மோப்பம் பிடிக்க. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் அரை நிமிடம் நின்றால் போதும். வெங்காயம் வதங்கும் வாசனை வந்தால் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிக் கவலையில்லை. சூடேறிய பிளாஸ்டிக் வாசனை வந்தால், பையில் எத்தனை பிஸ்கட் இருக்கிறது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

மூக்கு ஏமாற்றினாலும் ஏமாற்றாத சோதனை ஒன்று உண்டு: ஆம்லெட் கேட்பது. குழம்பு வகைகளில் நேற்றுச் செய்ததா இன்று செய்ததா என்று கண்டுபிடிப்பது கடினம். சில குழம்புகள் மறுநாள்தான் ருசியாகவே இருக்கும். முட்டையில் அந்த ஏமாற்று வேலை நடக்காது. கல்லில் ஊற்றி எடுத்த ஆம்லெட்டின் ஓரம் சற்று முறுகியிருக்கும், ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும், மடித்தவர் அவசரப்பட்டாரா என்பதுகூடத் தெரியும். தொழிற்சாலை ஆம்லெட்டுக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது. அச்சில் வார்த்தது போல எங்கு தொட்டாலும் ஒரே மஞ்சள், ஒரே தடிமன். முள்கரண்டியால் அழுத்தினால் ஸ்பாஞ்ச் மாதிரித் தண்ணீர் விடும். ஒருமுறை சூடாகி இறுகிய முட்டையை மறுபடி சூடாக்கும்போது அதன் புரதம் இன்னும் சுருங்கி உள்ளே இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது. தட்டின் அடியில் தேங்கும் அந்த வெளிறிய தண்ணீர்தான் சாட்சி.

டைனிங் காரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. உணவுப் பெட்டி என்றால், மேசை நாற்காலி போட்டு மனிதர்கள் உட்கார்ந்து சாப்பிடும் ரயில் பெட்டியும் அதுதான், கையில் கொடுக்கும் அட்டைப் பெட்டியும் அதுதான். முன்பெல்லாம் இந்தக் குழப்பம் என்னை எரிச்சலூட்டும். இப்போது இந்தச் சொல்லில் நூற்றைம்பது வருட ரயில் சாப்பாட்டின் கதை முழுக்க அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. முதல் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி இரண்டாவது பெட்டியாகிவிட்டது.

அப்படிச் சுருங்கிய ஒரு பெட்டி சில வருடங்களுக்கு முன் என் மடிக்கு வந்தது. பதினெட்டு மணி நேரப் பயணம். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை ஒரு மூலையில் பிடித்து இழுத்தேன், கால்வாசி கிழிந்து கையோடு வந்தது. உள்ளே மூன்று குழிகள். ஓரத்தில் இருந்த மசித்த உருளைக்கிழங்கு நாக்கைச் சுட்டது. நடுவில் இருந்த காயை வாயில் வைத்தால் ஐஸ் நறநறத்தது. மைக்ரோவேவின் வேலை இது. அந்த அலைகளை நீர் நன்றாக வாங்கிக்கொள்ளும், உறைந்த பனிக்கட்டி அவ்வளவாக வாங்காது. அதனால் முதலில் இளகிய இடம் கொதித்துக்கொண்டே இருக்கும், உறைந்த இடம் உறைந்தபடியே கிடக்கும். நடுவில் நிறுத்திக் கிளறிவிட்டால் தீர்ந்தது. ஆனால் நாற்பது பெட்டிகளைச் சூடாக்க வேண்டிய ஒருவர் எங்கே நிறுத்துவது, எங்கே கிளறுவது?

பணியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "நான் சமைக்கிறதில்லைங்க. சூடு பண்றேன், அவ்வளவுதான்" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பெட்டியை வாங்கி இன்னும் ஒன்றரை நிமிடம் உள்ளே வைத்துக் கொடுத்தார். இப்போது காய் சூடாக இருந்தது, உருளைக்கிழங்கு காய்ந்து கட்டியாகியிருந்தது.

முன்பெல்லாம் நன்றாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது என்று இதை முடித்துவிடலாம். ஆனால் கெட்ட சாப்பாடு ரயிலோடு கூடப் பிறந்தது. டைனிங் கார் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது.

இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே போட்டபோது ஸ்விண்டன் நிலையத்தைக் கட்டப் பணம் தட்டுப்பாடு. ஒப்பந்தக்காரர்கள் தங்கள் செலவிலேயே கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது அங்குள்ள சிற்றுண்டிச்சாலையின் குத்தகை: 99 வருடத்துக்கு, வழக்கமான எல்லா ரயில்களும் அங்கே பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இப்படி ஒரு வாடிக்கையாளர் கூட்டம் யாருக்குக் கிடைக்கும்? பயணிக்கு வேறு கடை இல்லை, நேரமும் இல்லை, திரும்ப வந்து சண்டை போடவும் மாட்டார். சாப்பாடு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாதையை அமைத்த பொறியாளர் புருனேலே 1842இல் அந்தக் கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் மட்டமான காப்பி வாங்குவதாக நான் சொல்லவே இல்லை, இவ்வளவு மோசமான வறுத்த தானியத்தை வாங்குகிறீர்களே என்றுதான் ஆச்சரியப்பட்டேன், உங்களிடம் காப்பி என்ற பொருள் இருப்பதாகவே நான் நினைக்கவில்லை என்கிற தொனியில் போகிறது அது. கடைசியில் அந்த ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ள, ரயில்வே கம்பெனி 1895இல் ஒரு லட்சம் பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. பத்து நிமிட நிறுத்தத்துக்கு ஒரு லட்சம்!

அமெரிக்காவில் இதை நேராக்கிக் காட்டியவர் ஃபிரெட் ஹார்வி. 1876இல் கான்சாஸ் மாநிலம் டொபீகா நிலையத்தில் தொடங்கினார். அவருடைய ரகசியம் சமையலில் பாதி, தந்தியில் பாதி. ஓடும் ரயிலிலேயே எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டு அடுத்த நிலையத்துக்குத் தந்தி அடித்துவிடுவார்கள். ரயில் வந்து நிற்கும்போது முதல் தட்டு தயாராக மேசையில் இருக்கும். அரை மணி நேரத்தில் ஒரு ரயில் நிறைய ஆட்கள் அவசரமில்லாமல் சாப்பிட்டு எழுந்தார்கள்.

அடுப்பையே ரயிலில் ஏற்றும் யோசனையும் அதற்குள் வந்திருந்தது. ஜார்ஜ் புல்மன் 1868இல், சாப்பிடுவதற்கென்றே செய்த முதல் பெட்டியை ஓடவிட்டு, அதற்கு நியூயார்க்கின் பேர்போன உணவகமான டெல்மோனிகோவின் பெயரை வைத்தார். இங்கிலாந்தில் 1879இல் லண்டனுக்கும் லீட்ஸுக்கும் இடையே உணவுப் பெட்டி ஓடியது. அப்போது பெட்டிக்குப் பெட்டி நடந்து போக வழி கிடையாது. சாப்பிட வேண்டும் என்றால் முதலிலேயே அந்தப் பெட்டியில் ஏறிக் கடைசி வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் 1887இல் பெட்டிகளுக்கு நடுவே மூடிய நடைவழி வந்த பிறகுதான், பசித்தபோது எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புவது என்ற சுகம் உண்டாயிற்று. இன்று நான் மோப்பம் பிடிக்க நடப்பதும் அந்த வழியில்தான்.

சரி, அந்தக் காலச் சாப்பாடு நன்றாக இருந்ததற்குக் காரணம் என்ன? சமையல்காரர்கள் திறமைசாலிகள் என்பது உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது. டைனிங் கார் அநேகமாக எல்லாக் கம்பெனிகளுக்கும் நஷ்டத்தில்தான் ஓடியது. தெரிந்தே ஓட்டினார்கள். அதே இரண்டு ஊர்களுக்கு இடையே மூன்று கம்பெனிகள் ரயில் விடும்போது, வேகமும் கட்டணமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, பயணியைத் தன் பக்கம் இழுக்க மிச்சம் இருந்தது சாப்பாட்டுத் தட்டு. அந்த நஷ்டத்தை விளம்பரச் செலவு என்று எழுதிக்கொண்டார்கள்.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் ஒரு உருளைக்கிழங்கு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைந்த கிழங்குகள் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டன. சில ஒரு கிலோவை நெருங்கும். வாங்க ஆளில்லாமல் பன்றிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் டைனிங் கார் பொறுப்பாளர் ஹேஸன் டைட்டஸ் காதில் இது விழுந்தது. மெதுவாக, நீண்ட நேரம் சுட்டுப் பார்த்தார். மாவு போல வெந்து வந்தது. 1909 முதல் அந்த ரயில்களில் வெண்ணெயோடு ஒரு முழுக் கிழங்கு தட்டுக்கு வந்தது. கம்பெனி தன்னைப் 'பெரிய சுட்ட உருளைக்கிழங்கின் பாதை' என்றே விளம்பரப்படுத்திக்கொண்டது, தபால் அட்டை முதற்கொண்டு அச்சிட்டது. யோசித்துப் பாருங்கள், மலையையும் ஆற்றையும் கடந்து போகும் பாதைக்கு அடையாளம் ஒரு கிழங்கு! பன்றித் தீவனத்தின் விலையில் கிடைத்த சரக்கு, ஓர் அடுப்பு, பொறுமை. நல்ல ரயில் சாப்பாட்டுக்கு ஆடம்பரம் தேவையில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அடுப்பு வேண்டும். அதன் முன்னால் நிற்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நிற்கும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருமுறை அனுமதி கேட்டு வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு கையையும் நீட்டினால் இரு சுவரையும் தொட்டுவிடலாம். அடுப்பைச் சுற்றிச் சட்டி நகராமலிருக்கக் கம்பி அடித்திருக்கிறது. எந்தப் பாத்திரத்திலும் பாதிக்கு மேல் திரவம் இல்லை. சமையல்காரர் கால்களை அகட்டி, இடுப்பைப் பலகையில் சாய்த்து நிற்கிறார். வெங்காயம் நறுக்குகிறார், ரயில் வளைவில் சாய்கிறது, கத்தி நிற்கிறது, வளைவு முடிகிறது, கத்தி மறுபடி நகர்கிறது. தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்க்கவே இல்லை. அந்தப் பாதையின் வளைவுகள் எல்லாம் அவர் பாதத்துக்கு மனப்பாடம். அமெரிக்காவின் இரண்டடுக்கு சூப்பர்லைனர் டைனிங் காரில் கீழே சமையலறை, மேலே 72 இருக்கைகள், நடுவில் தட்டுகளை ஏற்றி இறக்க ஒரு சின்ன லிஃப்ட். முந்நூறு பேர் வரும் ரயிலுக்கு ஒரே ஒரு பெட்டி என்றால் பந்தி பந்தியாகத்தான் உட்கார வைக்க முடியும். இரண்டாம் பந்திக்காரர் வாசலில் நின்று முறைக்கும்போது முதல் பந்திக்காரருக்கு இனிப்பு இறங்காது. இதில் எங்கே நிதானமாகச் சமைப்பது?

நான் எப்போதும் சமையலறைக்குப் பக்கத்து மேசையைத்தான் கேட்பேன், சத்தம் கேட்பதற்காக. அந்த மேசைக்கு அசிங்கமான வரலாறும் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்கத் தெற்கில் சமையலறையை ஒட்டிய இரண்டு மேசைகளுக்குத் திரை போட்டு, கறுப்பினத்தவர் அங்கேதான் உட்காரலாம் என்று வைத்திருந்தார்கள். 1942இல் எல்மர் ஹென்டர்சன் என்ற அரசு ஊழியர் சாப்பிடப் போனபோது அந்த மேசைகளிலும் வெள்ளையர் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் இருக்கை காலியாக இருந்தும் அவரை உட்கார விடவில்லை. இடம் வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. அவர் மறுபடி மறுபடி போய்ப் பார்த்தார். இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பெட்டியை ரயிலிலிருந்து கழற்றிவிட்டார்கள், அவர் பட்டினி. வழக்குப் போட்டார். 1950இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் திரைக்கு வெளியே தட்டு ஏந்தி நின்றவர்களும், உள்ளே அடுப்படியில் வெந்தவர்களும் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள்தான். பொற்காலம் என்று யாராவது பெருமூச்சு விடும்போது எனக்கு இது நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

விமானமும் நெடுஞ்சாலையும் வந்த பிறகு ரயில் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போடுவதை விட்டுவிட்டன, உயிரோடு இருந்தாலே போதும் என்றானது. அமெரிக்காவில் 1971இல் நெடுந்தூரப் பயணி ரயில்களில் பெரும்பாலானவற்றை ஆம்ட்ராக் என்ற ஒரே நிறுவனம் எடுத்துக்கொண்டது. விளம்பரம் என்று எழுதிய நஷ்டம் வெறும் நஷ்டமாயிற்று. 2012இல் பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்றில் ஒரு பர்கர் பேசுபொருளானது: பயணிக்கு விற்பது 9.50 டாலர், ஆகும் செலவு 16.15 டாலர். ரொட்டிக்கும் இறைச்சிக்கும் அவ்வளவு ஆகாது, மிச்சமெல்லாம் ஓடும் ரயிலில் ஆட்களை வைத்திருக்கும் செலவு. 2015இல் உணவு நஷ்டத்தை ஐந்து வருடத்தில் ஒழிக்கத் திட்டம் போடு என்று சட்டமே வந்தது. 2019இல் கிழக்குப் பகுதி இரவு ரயில்கள் சிலவற்றில் சமைப்பது நின்று, முன்பே தயாரித்த உணவைச் சூடாக்கிக் கொடுப்பது வந்தது. 2021 ஜூனில் மேற்கத்திய நெடுந்தூர ரயில்களில் படுக்கை வகுப்புக்காரர்களுக்குச் சமைத்த சாப்பாடு திரும்பி வந்தது.

வரிப்பணத்தில் ஏன் ஒருவருக்கு பர்கர் என்று கேட்பவரை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு கோளாறு இருக்கிறது. இரண்டு இரவு ஓடும் ரயிலில் சாப்பாடு தனிக் கடை இல்லை, டிக்கெட்டின் ஒரு பகுதி. படுக்கைக்கும் கழிப்பறைக்கும் தனித்தனியாக லாபம் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. ஜன்னலுக்கும் கேட்பதில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் பில் போடுவதால் அது மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

அடுப்பை அணைத்ததற்குக் கணக்கு மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் 1972 நவம்பரில் ஹொகுரிகு சுரங்கப்பாதைக்குள் ஓர் இரவு ரயிலின் உணவுப் பெட்டி தீப்பிடித்து 30 பேர் இறந்தார்கள். தீ வந்தது அடுப்பிலிருந்து அல்ல, புகைபிடிக்கும் அறையின் இருக்கைக்கு அடியில் இருந்த மின் சூடேற்றியிலிருந்து. ஆனாலும் அந்த வகைப் பெட்டிகளை ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சுரங்கத்துக்குள் தீ என்ற பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அதே ஜப்பானில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் 1974இல் வந்த டைனிங் கார் 2000இல் முடிவுக்கு வந்ததற்கு வேகமே ஒரு காரணம். இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடுபவருக்கு மேசை விரிப்பு எதற்கு? அங்கே அது போனதற்கு நான் அழவில்லை.

இன்னொன்று, குளிரவைத்துச் சூடாக்குவதே பாவம் என்றும் சொல்ல முடியாது. சமைத்ததும் வேகமாக ஆற்றி ஐந்து டிகிரிக்குக் கீழே வைத்து, பரிமாறும்போது உள்ளே வரை எழுபது டிகிரிக்கு மேல் ஏற்றினால் வயிற்றுக்கு ஆபத்தில்லை. ருசிக்கும் பெரிதாக ஆபத்தில்லை, எதைச் சூடாக்குகிறோம் என்று தெரிந்திருந்தால். குழம்பு தாங்கும். பருப்பு, பயறு, நீண்ட நேரம் வெந்த இறைச்சி எல்லாம் தாங்கும். பொரித்தது தாங்காது, நமத்துப் போகும். பச்சை நிறக் காய் தாங்காது, பழுப்பாகிவிடும். சோறு குளிரில் இறுகும், அதன் மாவுச்சத்து மறுபடி அடுக்காகிக் கெட்டியாகிவிடுகிறது. கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி ஆவியில் வைத்தால் மன்னித்துவிடும். இது தெரிந்த ஒருவர் பட்டியல் போட்டால், அடுப்பே இல்லாத ரயிலிலும் மரியாதையாகச் சாப்பிடலாம். எனக்குக் கிடைக்கும் பட்டியல்களைப் போடுபவர்கள் ரயிலில் சாப்பிட்டவர்களாகத் தெரியவில்லை. முட்டை, பொரியல், பொரித்த இறைச்சி என்று சூட்டுக்கு ஆகாததாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள்.

விமானக்காரர்களுக்காவது உயரத்தில் நாக்கு மந்தமாகிவிடுகிறது என்று சாக்கு உண்டு. ரயிலுக்கு அதுவும் இல்லை. 5,072 மீட்டர் உயரத்தில் டாங்குலா கணவாயைக் கடக்கும் திபெத் ரயிலுக்கு வேண்டுமானால் அந்தச் சாக்கைக் கொடுக்கலாம். பெட்டிக்குள் ஆக்சிஜன் விட வேண்டிய இடத்தில் சாப்பாட்டைப் பற்றி யாரும் புகார் சொல்லப் போவதில்லை.

என் ஆம்லெட் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிய ரயில் ஒன்று உண்டு. ஆனால் அன்று நான் ஆம்லெட் கேட்கவில்லை. முன்னால் போன சரக்கு ரயில் பழுதாகி நடு வழியில் எங்கள் ரயில் ஆறு மணி நேரம் நின்றுவிட்டது. காலையில் ஊர் போய்ச் சேர வேண்டியவர்களுக்கு மதியச் சாப்பாடு எப்படி இருக்கும்? சரக்கு அவ்வளவுதான். பன்னிரண்டு மணி வாக்கில் பணியாளர் வந்து பெட்டி பெட்டியாகத் தலை எண்ணிக்கொண்டு போனார். பிறகு வரிசையில் வரச் சொன்னார்கள். நான் வாசல் பக்கம் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஒரு பெரிய சட்டியில் வேகவைத்த உருளைக்கிழங்கைத் துண்டு போட்டு வெங்காயத்தோடு பிரட்டிக்கொண்டிருந்தார் சமையல்காரர். பக்கத்தில் அட்டையில் முட்டை. ஒரு கிண்ணத்தில் ஆறு ஆறாக உடைத்து, அடித்து, கிழங்கின் மேல் ஊற்றி, மூடி, திறந்து, முக்கோணமாக வெட்டித் தட்டில் தள்ளினார். அடிப்பக்கம் பொன்னிறமாகப் பிடித்திருந்தது. ரயில் ஆடாமல் நின்றிருந்ததால் அன்று அவருக்கு இரண்டு கையும் முழுதாகக் கிடைத்திருந்தது என்று நினைக்கிறேன். மிளகு சற்றுத் தூக்கல். எனக்குப் பின்னால் நின்றவர் இரண்டு துண்டு கேட்டார், முதலில் எல்லோரும் வாங்கட்டும் என்றார் சமையல்காரர்.

தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வரிசை முடிந்திருந்தது. முட்டை அட்டை காலி. சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. அவர் கால்களை அகட்டிக்கொண்டார்.